கைப்பைக்குள் அடங்கும் பிஸ்டல் உங்களுக்கு வேண்டாம்

கேள்வி: டெக்சஸில், ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் குடியிருக்கிறோம். நான் மருத்துவமனையில் நர்ஸ்; பெரும்பாலும் நைட் ஷிஃப்ட். விடிகாலையில் பார்க்கிங்கில் தனியாக நடந்து காருக்குப் போகப் பயமாக இருக்கிறது. எங்கள் தெருவிலும் அண்மையில் ஒரு வீட்டில் திருட்டு நடந்தது. போன வருஷம்தான் கிரீன் கார்டு வந்தது. ஒரு கைத்துப்பாக்கி வாங்கலாமா என்று யோசிக்கிறேன். இதுவரை ஒன்றைத் தொட்டதுகூட இல்லை. ஐந்தடி ஒரு அங்குலம் உயரம், கையும் சின்னது. கடையில் கைப்பைக்குள் அடங்குகிற குட்டி பிஸ்டல் ஒன்றைக் காட்டி, "லேடீஸுக்கு இதுதான் சரி" என்றார்கள். கணவர், வாங்கினால் பெரிய தோட்டா போடும் .45தான் என்கிறார். கூட வேலை பார்க்கும் தோழி, ரிவால்வர் வாங்கு, அது ஜாம் ஆகாது என்கிறாள். வீட்டில் 6 வயதிலும் 11 வயதிலும் பிள்ளைகள். ஹெச்-1பி விசாவில் இருக்கும் என் தம்பியும் எங்களோடுதான் தங்கியிருக்கிறான். நான் எதை வாங்குவது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று பேர் மூன்று யோசனை சொல்லியிருக்கிறார்கள். ஒருவராவது உங்கள் கையைப் பார்த்தாரா, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாரா என்றால், இல்லை. புதிதாகச் சுடப் பழகுகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில். உங்களைப் போல மூன்று யோசனையோடு வருகிறவர்கள்தான் என் வகுப்பில் பாதிப் பேர். முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: 9 மில்லிமீட்டர் தோட்டா போடும் நடுத்தர அளவு பிஸ்டல். அதையும் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்த பிறகு. அதற்கும் முன்னால் பூட்டுப் பெட்டி. இனி விவரமாகப் பேசலாம்.

நீங்கள் முதலில் எழுதியது பார்க்கிங் பயத்தைப் பற்றி, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். துப்பாக்கி வாங்கினாலும் அந்தப் பயம் தீராது. டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி, சட்டப்படி தடை எதுவும் இல்லாதவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு நடமாடலாம் என்பது உண்மை. ஆனால் மருத்துவமனைக் கட்டடத்துக்குள் நிர்வாகத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் அதைக் கொண்டுபோகக் கூடாது. உங்கள் வேலை விதியும் இதையேதான் சொல்லும். அப்படியானால் ஷிஃப்ட் முடியும்வரை அது காரில்தான் கிடக்க வேண்டும். காரைப் பூட்டி உள்ளே வைத்துக்கொள்ள டெக்சஸ் சட்டம் தொழிலாளிக்கு இடம் கொடுக்கிறது, சரி. ஆனால் வார்டிலிருந்து காருக்கு நடக்கிற அந்தத் தூரம்தானே உங்களுக்குப் பயம்? அந்த நேரத்தில் துப்பாக்கி உங்கள் கையில் இருக்காது. போதாக்குறைக்கு, மருத்துவமனை பார்க்கிங்கில் பன்னிரண்டு மணி நேரம் அசையாமல் நிற்கிற கார் திருடனுக்கு வசதியான கார். கண்ணாடியை உடைத்து எடுத்துக்கொண்டு போன துப்பாக்கி வேறு எங்கோ, வேறு யார் கையிலோ வெடிக்கும். செக்யூரிட்டி டெஸ்க்கில் கேளுங்கள், கார்வரைக்கும் துணைக்கு ஆள் அனுப்புவார்கள். பெரிய மருத்துவமனைகளில் இது வழக்கமான சேவைதான். கேட்கத் தயங்க வேண்டாம்.

ஆக, துப்பாக்கி உங்களுக்கு வீட்டுப் பாதுகாப்புக்கு மட்டும்தான். வாசலில் நல்ல விளக்கு, கதவுச் சட்டத்தில் நீளமான திருகாணி, அலாரம், இதெல்லாம் துப்பாக்கிக்கு முந்திய செலவுகள், விலையும் குறைவு. அதையும் செய்துவிட்டு, இன்னும் வேண்டும் என்று தோன்றினால் மேலே படியுங்கள்.

குட்டி பிஸ்டலைப் பார்ப்போம். புதிதாக வருகிற பெண்களிடம் கடைக்காரர்கள் அதைத்தான் எடுத்து நீட்டுவார்கள். எனக்கு இதில் தீராத கோபம் உண்டு. ருகர் எல்சிபி மாதிரியான பாக்கெட் பிஸ்டலின் எடை ஏறத்தாழ 270 கிராம். நடுத்தர அளவு பிஸ்டலான கிளாக் 19 தோட்டா இல்லாமல் ஏறத்தாழ 670 கிராம். துப்பாக்கி எடை குறையக் குறைய, சுடும்போது பின்னால் உதைக்கிற உதை கைக்கு நேராக வரும். எல்சிபி போடுவது .380 என்கிற சற்று வலுக் குறைந்த தோட்டாதான், ஆனாலும் கையில் சுள்ளென்று அறையும். பிடியில் இரண்டு விரல்தான் நிற்கும், சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்கும். குறிபார்க்கிற முனை அரிசி அளவுதான் இருக்கும். ஸ்பிரிங் இறுக்கமாக இருப்பதால், சின்னக் கைக்கு ஸ்லைடை, அதாவது பிஸ்டலின் நகரும் மேல்பாகத்தை, பின்னால் இழுப்பதும் கஷ்டம். நன்றாகப் பழகியவர்கள் ஒளித்து எடுத்துப்போவதற்கென்று செய்த பொருள் அது. முதல் துப்பாக்கியாக அதை வாங்கியவர்கள் இரண்டு தடவை ரேஞ்சுக்கு (சுடப் பழகும் இடம்) வருவார்கள், கை வலிக்கும், அப்புறம் வரமாட்டார்கள். துப்பாக்கி மட்டும் வீட்டில் இருக்கும், சுடத் தெரிந்த ஆள் இருக்கமாட்டார்.

உங்கள் கணவரின் .45க்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்க ராணுவம் 1911இல் எடுத்துக்கொண்ட பிஸ்டலின் தோட்டா அது, இன்றும் அதற்கு ரசிகர்கள் ஏராளம். பெரிய குண்டு பெரிய ஓட்டை என்பது பழைய கணக்கு. 1986இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்பிஐ இரண்டு ஏஜெண்டுகளை இழந்தது. 9 மி.மீ. போதவில்லை என்று முடிவு கட்டி, முதலில் 10 மி.மீ., பிறகு .40 என்று பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். 2010களின் நடுவில் அவர்களே 9 மி.மீ.க்குத் திரும்பிவிட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் தோட்டா செய்கிற நுட்பம் முன்னேறியிருந்தது. உதை குறைவு என்பதால் ஏஜெண்டுகள் வேகமாகவும் குறி தப்பாமலும் சுட்டார்கள், தோட்டா அடைக்கிற மேகசினில் கூடுதல் தோட்டாவும் பிடித்தது. எஃப்பிஐக்குப் போதுமானது கேட்டியில் உங்கள் படுக்கையறைக்குப் போதும். இன்னொன்று, .45 தோட்டா விலை கூடுதல். விலை கூடினால் பழகுவது குறையும். கணவரிடம் இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

தோழி சொன்ன ரிவால்வரில் பாதி உண்மை இருக்கிறது. ஸ்லைடு இழுக்க வேண்டாம். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி ட்ரிகரை அழுத்தினால் அடுத்தது வரும். ஆனால் அந்த ட்ரிகர்தான் சிக்கல். கிளாக் மாதிரி பிஸ்டலில் ட்ரிகரை அழுத்த ஐந்தரை பவுண்டு விசை போதும். சின்ன ரிவால்வரில் பத்து, பன்னிரண்டு பவுண்டு கேட்கும், இழுக்க வேண்டிய தூரமும் அதிகம். அந்த நீண்ட இழுப்பில் உங்கள் விரலோடு சேர்ந்து குழலும் நகர்ந்துவிடும். இலேசான ஐந்து தோட்டா ரிவால்வர் குட்டி பிஸ்டலைவிட மோசமாக உதைக்கும். எஃகில் செய்த பெரிய ரிவால்வர் சுடச் சுகமாக இருக்கும் (ஸ்மித் & வெஸன் 686ஐ ஒரு நாள் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பாருங்கள், இன்பமான சாமான்), ஆனால் சின்னக் கைக்கு அதன் பிடி தடிமன்.

சரி, எதைத்தான் பார்ப்பது? வாடகைக் கவுன்டரில் மூன்றைக் கேளுங்கள். ஒன்று கிளாக் 19. 1988இல் வந்தது, 15 தோட்டா பிடிக்கும், உதிரிப் பாகம், உறை எல்லாம் எங்கும் கிடைக்கும். சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு அதன் ஒவ்வொரு திருகும் தெரியும். இரண்டாவது ஸ்மித் & வெஸன் எம்&பி 9 ஷீல்டு ஈஸி. கை வலுக் குறைந்தவர்களுக்கென்றே ஸ்லைடை இலகுவாக்கிச் செய்தது. மேகசினில் தோட்டா அடைப்பதும் சுலபம், நகம் உடையாது. எட்டுத் தோட்டாதான், பரவாயில்லை. இதைப் பழையதாக வாங்கினால் மட்டும் ஒன்று கவனியுங்கள்: 2020 மார்ச் முதல் அக்டோபர் வரை செய்த துப்பாக்கிகளைக் கம்பெனியே பாதுகாப்புக் காரணத்துக்காகத் திரும்ப அழைத்துச் சுத்தியல் பாகத்தைச் சோதித்து மாற்றிக்கொடுத்தது. சீரியல் நம்பரைக் கம்பெனியிடம் சரிபார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். மூன்றாவது, ஏதாவது ஒரு .22 பிஸ்டல், ருகர் மார்க் 4 போல. உதை என்று சொல்ல ஒன்றுமே இருக்காது, தோட்டாவும் மலிவு. வீட்டுப் பாதுகாப்புக்கு அதைச் சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் முதல் ஐம்பது சூட்டையும் அதில்தான் சுட வைப்பேன். பயம் பழகும் முன்னே பழக்கம் சரியாகிவிடும்.

கையில் பொருந்துகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடலாம். கடைக்காரர் மேகசினைக் கழற்றி, ஸ்லைடைத் திறந்து, உள்ளே காலி என்று காட்டித் தர வேண்டும். அவர் காட்டாவிட்டால் நீங்கள் கேளுங்கள், கேட்பதுதான் மரியாதை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற கவட்டைச் சதை பிடியின் உச்சிவரை ஏறி உட்கார வேண்டும். அப்படிப் பிடித்த நிலையில் குழலும் உங்கள் முன்கை எலும்பும் ஒரே நேர்கோட்டில் இருக்க, ஆள்காட்டி விரலின் முதல் கணுச் சதை ட்ரிகரில் படிய வேண்டும். விரலை எட்டவைக்கக் கையைப் பக்கவாட்டில் திருக வேண்டியிருந்தால் அந்தப் பிஸ்டல் உங்களுக்குப் பெரிது. கிளாக்கில் பிடியின் பின்பட்டையை மாற்றிக்கொள்ள முடியும், அதைக் கழற்றிய நிலையிலும் பிடித்துப் பாருங்கள். செருப்பு மாதிரிதான் இது, அடுத்தவர் அளவு உதவாது.

ஸ்லைடை இழுக்கக் கைப்பலம் இல்லை என்று எல்லாப் பெண்களும் முதல் நாள் சொல்வார்கள். அநேகமாக முறைதான் தெரியாமல் இருக்கும். இரண்டு விரலால் கவண் இழுப்பதுபோல் இழுக்கப் பார்ப்பார்கள். பிஸ்டலை நெஞ்சுக்கு அருகே கொண்டுவாருங்கள், குழல் இலக்கின் பக்கமே இருக்கட்டும், விரல் ட்ரிகருக்கு வெளியே. இடது உள்ளங்கையால் ஸ்லைடின் பின்பகுதியை மேலிருந்து முழுசாகப் பற்றிக்கொண்டு, வலது கையால் பிடியை முன்னால் தள்ளுங்கள். தோள் வேலை செய்யும், விரல் நோகாது. இப்படிச் செய்தும் முடியாத பிஸ்டலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ரேஞ்சுக்குத் தனியாகப் போகாதீர்கள், கணவரோடு போங்கள். சொந்தத் துப்பாக்கி இல்லாமல் முதல் தடவை தனியாக வருகிறவருக்குப் பல ரேஞ்சுகளில் வாடகைக்குத் தரமாட்டார்கள். தற்கொலை எண்ணத்தோடு வந்தவர்களால் ஏற்பட்ட விதி அது. கவுன்டரில் காரணம் சொல்லமாட்டார்கள், நீங்களும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உடை விஷயம் முக்கியம்: கழுத்து இறங்கிய குர்த்தாவும் துப்பட்டாவும் அன்றைக்கு வேண்டாம். ஒவ்வொரு சூட்டுக்கும் கொதிக்கிற பித்தளைக் கூடு வெளியே தெறிக்கும். அது கழுத்துக்குள் விழுந்தால், ஆள் துள்ளித் திரும்புவார், கையில் இருக்கிற துப்பாக்கியும் சேர்ந்து திரும்பும். நான் ரேஞ்சில் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். கழுத்தை ஒட்டிய டி-ஷர்ட், தொப்பி, மூடிய ஷூ. காதுக்குள் நுரை அடைப்பான் (ஃபோம் இயர்பிளக்), அதன் மேல் இயர்மஃப், இரண்டுமே போடுங்கள். பிஸ்டல் சத்தம் 160 டெசிபலை எட்டும், உள்ளரங்கில் அது சுவரில் மோதித் திரும்பவும் வரும். முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், வீட்டுக்குப் போய் உடை மாற்றிவிட்டுப் பிள்ளைகளைத் தூக்குங்கள். சுடும்போது ஈயத் தூள் படிகிறது. குழந்தைக்கு ஈயம் என்ன செய்யும் என்று நர்ஸுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பயிற்சியாளர் வைத்துக்கொண்டால், டம்மி தோட்டா கலந்து சுடவைக்கச் சொல்லுங்கள். மேகசினில் நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே எங்கே என்று உங்களுக்குத் தெரியாமல் பொய்த் தோட்டாவைச் செருகிவைப்பார். அது வரும்போது 'டிக்' என்று மட்டும் கேட்கும், ஆனால் குழல் முனை சட்டென்று கீழே குனியும். வராத உதைக்கு உடம்பு முன்கூட்டியே தயாராகிறது. குண்டுகள் ஏன் இலக்கின் கீழ்ப்பக்கமே விழுகின்றன என்று அப்போது உங்களுக்கே புரியும். மூன்று பிஸ்டலிலும் இதைச் செய்து, எதில் குழல் குறைவாகக் குனிகிறதோ அதை வாங்குங்கள்.

வாங்கும் நாளுக்கு வருவோம். கிரீன் கார்டு உள்ளவர் 21 வயதுக்கு மேல் இருந்தால் உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்கலாம். வாங்குகிறவர் நிரப்ப வேண்டிய மத்திய அரசுப் படிவம் 4473 தருவார்கள். குடியுரிமை கேட்கிற இடத்தில் நிதானமாக இருங்கள்: நீங்கள் இன்னும் அமெரிக்கக் குடிமகள் இல்லை, உங்கள் நாடு இந்தியா, கார்டில் இருக்கிற 'ஏ' நம்பரை எழுத வேண்டும். அவசரத்தில் குடிமகள் என்று டிக் அடித்துவிட்டால், துப்பாக்கியோடு போகாது, குடியேற்ற வழக்காகவே முடியலாம். டிரைவிங் லைசென்ஸில் இப்போதைய முகவரி இருக்கிறதா என்றும் பாருங்கள், வீடு மாறிய நம் ஆட்கள் அதிகம் திரும்பிப்போவது இதனால்தான். எஃப்பிஐயின் பின்னணிச் சோதனை பெரும்பாலும் சில நிமிடங்களில் முடியும். 'டிலே' என்று வந்தால் பதற வேண்டாம், நம் ஊர்ப் பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால்கூட அப்படி வரும்.

தம்பி விஷயம் இதைவிட முக்கியம். ஹெச்-1பி போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் வாங்கினால் விலக்கு உண்டு என்று அவருக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். விலக்கு இருப்பது உண்மைதான், ஆனால் குடியேற்ற வக்கீலிடம் கேட்காமல் அதை நம்பி இறங்க வேண்டாம். வீட்டில் பூட்டுப் பெட்டியின் எண் தம்பிக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால், துப்பாக்கி அவர் கையிலும் இருப்பதாகவே சட்டம் பார்க்க இடமுண்டு. அவருக்காக நீங்கள் ஒன்று வாங்கித் தருவதும் பெரிய குற்றம். ஊரிலிருந்து விசிட்டர் விசாவில் வருகிற அப்பாவை ரேஞ்சுக்குக் கூட்டிப்போய், கையில் கொடுத்துப் போட்டோ எடுக்கிற ஆசையும் வேண்டாம், அதே சட்டம் அவருக்கும் பொருந்தும். உங்களுக்கும் ஒரு எச்சரிக்கை: துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் கிரீன் கார்டு உள்ளவரையும் நாடு கடத்தலாம். குடிமக்களுக்கு அபராதத்தோடு போகிற விஷயம் நமக்கு அப்படிப் போகாது.

பூட்டுப் பெட்டி. கடையில் துப்பாக்கியோடு ஒரு கேபிள் பூட்டு தருவார்கள், தர வேண்டும் என்பது சட்டம். அது மட்டும் போதாது. எண் பொத்தான் உள்ள எஃகுப் பெட்டி ஒன்றை வாங்கி, படுக்கையறையில் சுவரிலோ கட்டிலிலோ போல்ட் போட்டு இறுக்குங்கள். பேட்டரி இல்லாமல் வேலை செய்கிற பொத்தான் வகை எனக்குப் பிடிக்கும்; கைரேகை வகை ஈரக் கையில் சண்டித்தனம் செய்யும். பிள்ளைகளின் பிறந்த தேதியை எண்ணாக வைக்காதீர்கள், உங்கள் 11 வயதுப் பிள்ளைக்கு உங்கள் போன் பாஸ்வேர்டு தெரிந்திருக்கும் என்பது என் ஊகம். 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கைக்குத் தோட்டா போட்ட துப்பாக்கி எட்டும்படி வைத்து, பிள்ளை அதை எடுத்துவிட்டால் டெக்சஸில் பெற்றவர்மேல் வழக்கு வரலாம். பீரோவின் மேல்தட்டு, புடவை அடுக்கின் அடி, இதெல்லாம் ஒளிவிடமே அல்ல. பிள்ளைகளிடம் மறைக்காமல் பேசுங்கள்: எங்கே துப்பாக்கியைப் பார்த்தாலும் தொடாதே, அங்கிருந்து வந்துவிடு, பெரியவரிடம் சொல். விளையாடப் போகிற வீட்டு அம்மாவிடமும், உங்கள் வீட்டில் துப்பாக்கி இருந்தால் பூட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். டெக்சஸில் இதை யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

இன்னொன்றையும் கேட்டே ஆக வேண்டும். அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. தூக்கம் கெட்ட நைட் ஷிஃப்ட், விசா கவலையில் இருக்கும் தம்பி, வளர்ந்துவரும் பிள்ளைகள் என்று ஒரு வீடு. உங்களில் யாருக்காவது இப்போது மனச்சோர்வு இருந்தால் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். வாங்கிய பிறகு அப்படி ஒரு காலம் வந்தால், துப்பாக்கியை வீட்டை விட்டு வெளியே வையுங்கள். காசு வாங்கிக்கொண்டு பத்திரமாக வைத்திருக்கிற கடைகளும் ரேஞ்சுகளும் உண்டு. தற்கொலைத் தடுப்பு உதவிக்கான 988 என்ற எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.

செலவைப் பிஸ்டல் விலையோடு முடித்துக் கணக்குப் போடாதீர்கள். பெட்டி, காது கண் பாதுகாப்பு, அரை நாள் வகுப்பு, முதல் சில மாதத்துக்கான தோட்டா எல்லாம் சேர்ந்தால் பிஸ்டல் விலையில் பாதியாவது மேலே வரும். பணம் முட்டினால் வகுப்பை வைத்துக்கொண்டு பிஸ்டலைத் தள்ளிப்போடுங்கள்.

கடைசியாக, ரேஞ்சுக்கென்று ஒரு பையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அதை வேறு எதற்கும் எடுக்காதீர்கள். ஒரு ஜிப் மூலையில் தங்கிப்போன ஒற்றைத் தோட்டாவோடு இந்திய விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டு, ஆயுதச் சட்ட வழக்கில் சிக்கி, விடுமுறை முழுக்க வக்கீல் வாசலில் நின்றவர்கள் இருக்கிறார்கள். தெரியாமல் வந்துவிட்டது என்று நீதிமன்றத்தில் விடுபடலாம்தான், ஆனால் திரும்பும் விமானம் அதற்காகக் காத்திருக்காது.